எவர்ஷெட் விளைவு: ஸ்லிட்டைத் திருப்பியபோது தெரிந்தது

1909 ஜனவரி 5. கனமழை ஓய்ந்து, கொடைக்கானல் வானம் அசாதாரணமாகத் தெளிந்திருந்த நாள். சூரிய வட்டத்தில் இரண்டு பெரிய கரும்புள்ளிகள் இருந்தன. சூரிய ஆய்வகத்தின் உதவி இயக்குநர் ஜான் எவர்ஷெட் அவற்றின் நிறமாலையைப் படமெடுத்தார். தகட்டில் பதிந்த உறிஞ்சு கோடுகள் (வாயு ஒளியை உறிஞ்சிய அலைநீளங்களில் விழும் கருங்கோடுகள்) நேராக இல்லை. கரும்புள்ளியின் புறநிழலை, அதாவது கருத்த நடுப்பகுதியைச் சுற்றியுள்ள மங்கிய வளையத்தை, கடக்கும் இடத்தில் ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் எதிர்ப்பக்கம் நீலத்தை நோக்கியும் சாய்ந்திருந்தன. டாப்ளர் பெயர்ச்சி (வாயு விலகினால் கோடு சிவப்புப் பக்கமும் நெருங்கினால் நீலப் பக்கமும் நகர்வது) என்று கொண்டால் வேகம் நொடிக்குச் சுமார் 2 கி.மீ.

கருநிழலிலிருந்து, அதாவது அந்தக் கருத்த நடுப்பகுதியிலிருந்து, வாயு கிடைமட்டமாக வெளிநோக்கிப் பாய்கிறது என்று எவர்ஷெட் விளைவு எனப்படும் இதைப் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும். உண்மையில் சாய்ந்த கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வர முடியாது. சுழற்சியாலும் கோடு சாயும். சூரியனின் தற்சுழற்சி, கருவியின் கோளாறு, காந்தப்புலம் எல்லாமே கோட்டை நகர்த்தவோ அகலப்படுத்தவோ வல்லவை. எவர்ஷெட்டின் திறமை பெயர்ச்சியைக் கண்டதில் பாதிதான். மீதிப் பாதி, ஸ்லிட்டை (நிறமாலைக் கருவிக்குள் ஒளியை விடும் குறுகிய இடுக்கை) எந்தத் திசையில் வைத்தால் பெயர்ச்சி தெரிகிறது, எந்தத் திசையில் வைத்தால் மறைகிறது என்று பார்த்ததில் இருக்கிறது.

அன்று எதை எதிர்பார்த்திருந்தார்கள்

கொடைக்கானல் ஆய்வகம் 1899இல் உருவானதன் பின்னணியில் 1876–78 பஞ்சம் இருக்கிறது. பருவமழை பொய்ப்பதற்கும் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அன்றைய அரசை உறுத்தியது. சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த மிக்கி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் இடம் பார்த்து, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த இடத்தைத் தேர்ந்தார். எவர்ஷெட் 1907 ஜனவரியில் வந்து சேர்ந்தார். வரும் வழியில் அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் ஆய்வகம் சென்று அதன் இயக்குநர் ஜார்ஜ் எல்லரி ஹேலைச் சந்தித்திருந்தார்.

ஹேல் ஹைட்ரஜன் ஆல்பா ஒளியில் (ஹைட்ரஜனுக்கே உரிய ஒரு சிவப்பு ஒளி) எடுத்த படங்களில் கரும்புள்ளிகளைச் சுற்றிச் சுழல்போன்ற இழைகள் தெரிந்தன. கரும்புள்ளி ஒரு சூறாவளி, மின்னேற்றமுள்ள வாயு அதில் சுழல்வதால் காந்தப்புலம் பிறக்கிறது என்பது அவருடைய ஊகம். 1908 ஜூனில் அவர் கரும்புள்ளிக் கோடுகளில் ஸீமன் பிளவை, அதாவது காந்தப்புலத்தில் ஒரு கோடு பலவாகப் பிரிவதை, கண்டார். புலம் 3,000 காஸை (காஸ் காந்தப்புலத்தின் அலகு) நெருங்கியது. காந்தப்புலம் இருப்பது உறுதியானதும், சுழலும் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. ஆகவே எவர்ஷெட்டின் தகட்டில் கோடு சாய்ந்து தெரிந்தபோது முதலில் தோன்றியிருக்க வேண்டிய விளக்கம் சுழற்சிதான். அதை மறுத்தது அதே கருவியில் எடுத்த வேறு தகடுகள்.

மூன்று வாய்ப்புகளைப் பிரிப்பது எப்படி

கரும்புள்ளி சூரிய வட்டத்தின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று கொள்வோம். நடுவிலிருந்து கரும்புள்ளி வழியாக விளிம்புக்குப் போகும் கோட்டை ஆரத்திசை என்போம். டாப்ளர் விளைவில் நமக்குக் கிடைப்பது பார்வைக்கோட்டின் வழியிலான வேகம் மட்டுமே. மேற்பரப்பில் கிடைமட்டமாக நடக்கும் ஓட்டத்தில் ஆரத்திசைக் கூறுதான் பார்வைக்கோட்டில் விழும். விளிம்புக்கு இணையான கூறு விழாது.

இதை வைத்துக்கொண்டு ஸ்லிட்டை ஆரத்திசையில் வைத்துப் பாருங்கள். வாயு சுழன்றால், ஸ்லிட் படும் இடங்களில் அது விளிம்புக்கு இணையாகத்தான் ஓடும், பெயர்ச்சி வராது. கருநிழலிலிருந்து வெளிநோக்கி ஓடினால், விளிம்புப் பக்கப் புறநிழல் நம்மைவிட்டு விலகும், நடுப்பக்கப் புறநிழல் நம்மை நோக்கி வரும். பெயர்ச்சி உச்சத்தில் இருக்கும். இப்போது ஸ்லிட்டை 90 பாகை திருப்பி விளிம்புக்கு இணையாக வையுங்கள். எல்லாம் தலைகீழ்: சுழற்சிதான் தெரியும், வெளியோட்டம் மறையும். மூன்றாவது வாய்ப்பான மேல்கீழ் ஓட்டம் ஸ்லிட்டின் திசையைப் பொருட்படுத்தாது. வட்டத்தின் நடுவில்தான் அது மிகத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

கொடைக்கானல் தகடுகளில் ஆரத்திசையில் பெயர்ச்சி உச்சம். குறுக்கே வைத்தால் இல்லை. வட்டத்தின் நடுவுக்கு அருகிலுள்ள புள்ளிகளிலும் இல்லை. மூன்றில் இரண்டு வாய்ப்புகள் இதோடு அடிபட்டுப் போயின. அதே ஆண்டில் ஆய்வக வெளியீட்டிலும் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழிலும் முடிவு வெளியானது. இத்தனைக்கும் எவர்ஷெட் தமது தொழில் வாழ்க்கையின் முற்பகுதியை ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் கழித்தவர். சூரிய நிறமாலையியலை இங்கிலாந்தில் ஓய்வுநேரத்தில் கற்றுக்கொண்டவர்.

அந்தத் தேதியில் ஒரு சின்ன வசதியும் இருந்தது. சூரிய அச்சின் வடமுனை வானத்து வடக்கிலிருந்து ஆண்டு முழுவதும் இருபுறமும் 26 பாகைவரை சாய்ந்து ஆடும். அந்தக் கோணம் சுழியாவது ஆண்டுக்கு இருமுறை: ஜனவரி 5 வாக்கில் ஒருமுறை, ஜூலை 7 வாக்கில் மறுமுறை. அதாவது அன்று சூரியனின் கிழக்கு மேற்கும் வானத்தின் கிழக்கு மேற்கும் ஒன்றே. தொலைநோக்கியின் ஓட்டத்தை நிறுத்தினால் பிம்பம் எந்தத் திசையில் நகர்கிறதோ அதுவே கிழக்கு மேற்குக் கோடு. மற்ற நாட்களில் அதோடு இந்தக் கோணத்தையும் கூட்டியோ கழித்தோதான் சூரியனின் திசைகளைப் பெற முடியும். குறி மாறிப்போனால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் திசை 52 பாகை பிசகிவிடும்.

அளவு எவ்வளவு நுண்மையானது

பெயர்ச்சியின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் வேலையின் கடினம் புரியும். 5,576 ஆங்ஸ்ட்ராமில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) உள்ள இரும்புக் கோட்டை எடுத்துக்கொள்வோம். 2 கி.மீ. வேகத்துக்கு அது நகர்வது 0.037 ஆங்ஸ்ட்ராம். கொடைக்கானலில் 1958 வாக்கில் நிறுவப்பட்ட சுரங்கத் தொலைநோக்கியில் 11 மீட்டர் கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடிகள் ஒளியைக் கீழே இறக்கி, 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் செலுத்துகின்றன. 38 செ.மீ. லென்ஸ் 34 செ.மீ. விட்டமுள்ள சூரிய பிம்பத்தைத் தருகிறது. அதன் நிறமாலைப் படக்கருவியான ஸ்பெக்ட்ரோகிராஃப் ஐந்தாம் வரிசை நிறமாலையில் ஓர் ஆங்ஸ்ட்ராமை 9 மி.மீ. அளவுக்கு விரிக்கிறது. அவ்வளவு விரித்தும் மேற்படி பெயர்ச்சி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். எவர்ஷெட்டிடம் இந்தக் கருவி இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன், தாமே அமைத்துக்கொண்ட சாதனத்தில் அவர் இதை அளந்தார்.

அடுத்து, எதை ஒப்பிட்டு அளப்பது என்ற சிக்கல். சூரியன் தானே சுழல்கிறது. நிலநடுக்கோட்டு விளிம்பில் அதன் வேகமும் நொடிக்கு 2 கி.மீ.தான், அதாவது தேடும் விளைவுக்குச் சமம். நடுவிலிருந்து 40 பாகை தள்ளியுள்ள புள்ளியில் தற்சுழற்சி மட்டுமே 1.3 கி.மீ. தரும். பூமி சுழல்வதால் கொடைக்கானலில் காலையிலும் மாலையிலும் 0.46 கி.மீ.வரை சேரும். சூரிய ஈர்ப்பை மீறி வெளிவரும் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் செம்பெயர்ச்சி இன்னொரு 0.63 கி.மீ. சூரியனின் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பான ஒளிமண்டலத்தில் வெப்பச்சலனக் குமிழ்கள் மேலெழுவதால் வரும் நீலப்பெயர்ச்சி கோட்டுக்குக் கோடு மாறும், அதுவும் 0.3 கி.மீ.க்குக் குறையாமல் வரக்கூடும்.

இவை அனைத்தையும் தனித்தனியே கழிக்க முயல்வது வீண்வேலை. அதே தகட்டில், அதே ஸ்லிட்டில், புள்ளியின் இருபுறமும் உள்ள அமைதியான ஒளிமண்டலத்தை அடிக்கோடாக (சுழி வேகமாக) வைத்தால் வெப்பச்சலனம் தவிர மற்றவை பெரும்பாலும் தாமாகவே நீங்கிவிடும். ஒரு நிமிடப் பாகை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அகலமுள்ள புள்ளிக்குள் தற்சுழற்சியால் வரும் வேறுபாடு நொடிக்கு ஏறத்தாழ 0.1 கி.மீ. மட்டுமே. வெப்பச்சலனச் சிக்கலைத் தவிர்க்க விரும்புவோர் கருநிழலையே சுழியாகக் கொள்வார்கள். அங்கே வலுவான புலம் வெப்பச்சலனத்தை அடக்கிவிடுகிறது. ஆனால் கருநிழல் மங்கலானது. சுற்றிலுமிருந்து சிதறி வரும் ஒளி அதில் கலந்தால் சுழியே நகர்ந்துவிடும். மழை பெய்து தூசி அடங்கிய நாளின் தகடு இதனால்தான் மதிப்புள்ளது: வானம் தெளிந்தால் சிதறொளி குறையும், காற்று அமைதியானால் இருபுறப் புறநிழல்களும் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். காற்று நடுங்கினால் சிவப்பும் நீலமும் சராசரியாகி, 2 கி.மீ. ஓட்டம் அரை கி.மீ.யாகத் தெரியும்.

காந்தப்புலம் குழப்பும் இடம்

ஸீமன் பிளவு டாப்ளர் பெயர்ச்சியைவிடப் பெரியது. 6,302.5 ஆங்ஸ்ட்ராம் இரும்புக் கோட்டில் 3,000 காஸ் புலம் ஒவ்வொரு பக்கமும் 0.14 ஆங்ஸ்ட்ராம் பிளக்கும், 2 கி.மீ. ஓட்டமோ 0.042 ஆங்ஸ்ட்ராம்தான் நகர்த்தும். பிளவு இருபுறமும் சமமாக இருப்பதால் கோட்டின் மையம் நகராது என்பது ஏட்டளவில் சரி. நடைமுறையில் ஒளி சாய்வான கண்ணாடிகளில் பட்டுத்தான் வருகிறது. அந்தக் கண்ணாடிகள் ஒரு வகைத் தளவிளைவுள்ள (ஒரு முறையில் மட்டும் அதிரும்) ஒளியை மற்றதைவிடக் கூடுதலாகக் கடத்தினால், தளவிளைவில் வேறுபடும், பிளந்த இரு கூறுகளில் ஒன்று மங்கும். கோடு நகர்ந்ததுபோல் ஏமாற்றும். புலத்தின் துருவம் மாறும்போது இந்தப் போலிப் பெயர்ச்சியும் திசை மாறும். எவர்ஷெட் பெயர்ச்சி மாறாது. ஐயம் வந்தால் எதிர்த் துருவப் புள்ளி ஒன்றை அளந்து பார்ப்பது நல்ல சோதனை.

அலைநீளத்தைக் கொண்டும் சோதிக்கலாம். டாப்ளர் பெயர்ச்சி அலைநீளத்துக்கு நேர்விகிதம்; ஸீமன் பிளவு அலைநீளத்தின் இருமடிக்கு நேர்விகிதம். சிவப்பிலிருந்து 4,300 ஆங்ஸ்ட்ராம் பகுதிக்கு வந்தால் முதலாவது 0.68 மடங்காகும், இரண்டாவது 0.47 மடங்காகும். இன்னும் சுலபமான வழி, காந்தப்புலத்தைக் கண்டுகொள்ளாத கோட்டைத் தேர்வது. 5,434.5, 5,576.1, 7,090.4 ஆங்ஸ்ட்ராம் இரும்புக் கோடுகளின் லாண்டே காரணி (புலத்தில் கோடு எவ்வளவு பிளக்கும் என்பதைக் குறிக்கும் எண்) சுழி. வேகத்தை மட்டும் அளக்க விரும்புவோர் இன்றும் நேராக இவற்றுக்குத்தான் போகிறார்கள்.

உயரம் மாறினால் திசையும் மாறும்

1913இல் மவுண்ட் வில்சனில் சார்லஸ் செயின்ட் ஜான் இந்த அளவீட்டைப் பல கோடுகளில் திரும்பச் செய்தார். ஒளிமண்டலத்தின் ஆழத்தில் உருவாகும் மெல்லிய கோடுகளில் வெளியோட்டம் வேகமாக இருந்தது. கோடு வலுவாகும்போது, அதாவது அது உருவாகும் உயரம் கூடும்போது, வேகம் குறைந்தது. ஒளிமண்டலத்துக்கு மேலுள்ள நிறமண்டலத்தில் உருவாகும் மிக வலுவான கோடுகளில் ஓட்டம் திரும்பி உள்நோக்கி வந்தது. கீழே வெளியே போகிறது, மேலே உள்ளே வருகிறது என்பதைப் பார்த்ததும் ஒரு முழுச் சுற்றோட்டம் என்று முடிவுகட்டத் தோன்றும். அது பொருந்தாது. நிறமண்டலத்தின் அடர்த்தி மிகக் குறைவு. உள்ளே வரும் நிறை, வெளியே போகும் நிறையின் கணக்கை நேர்செய்யப் போதாது. இந்தத் தலைகீழ் ஓட்டத்தைத் தனி நிகழ்வாகத்தான் கொள்ள வேண்டும்.

கோட்பாடு நூறாண்டு திணறிய காரணம்

புறநிழலின் அகலம் 10,000 கி.மீ. என்று வைத்தால், 2 கி.மீ. வேகத்தில் வாயு அதைக் கடக்க 5,000 நொடி, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. கரும்புள்ளியோ வாரக்கணக்கில் நிலைக்கிறது. எனவே வாயு கீழிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். வெளிவிளிம்பில் எங்கோ இறங்கவும் வேண்டும். போதாக்குறைக்கு இந்த வாயு மின்கடத்தி. அது காந்தப்புலக் கோடுகளைக் குறுக்கே கடக்க முடியாது. கடந்தால் கோடுகளையும் இழுத்துக்கொண்டு போகும். புறநிழலின் சராசரிப் புலம் மேற்பரப்போடு கோணம் வைத்து எழும்புகிறது. ஓட்டம் கிடைமட்டமாகத் தெரிகிறது. இரண்டும் உண்மையானால் புறநிழல் சில மணி நேரத்தில் அடித்துச் செல்லப்பட்டிருக்கும்.

பிசகு சராசரி என்ற சொல்லில் இருந்தது. 1993இல் சோலங்கியும் மோன்டாவோனும் முன்வைத்த படத்தில் புறநிழல், வாராத தலைமுடிபோல் இருவகை இழைகள் பின்னியது: சற்று நிமிர்ந்த புலம் ஒன்று, அதனூடே ஏறக்குறையப் படுத்துக் கிடக்கும் புலக் குழாய்கள் இன்னொன்று. ஓட்டம் படுத்த குழாய்களில் மட்டும் நடக்கிறது, புலத்தின் வழியாகவே நடக்கிறது. 2 கி.மீ. என்பதும் இரண்டையும் கலந்த சராசரியே. தனி இழைகளில் 5, 6 கி.மீ. சாதாரணம், சில இடங்களில் ஒலிவேகமான 6–7 கி.மீ.யையும் தாண்டுகிறது. தெளிவு குறைந்த தொலைநோக்கியில் இந்தக் கலவை, கோட்டின் ஒரு சிறகு (ஓரப்பகுதி) மட்டும் கொடிபோல் நீண்டு சமச்சீரின்றித் தெரிவதில் வெளிப்படும். கோட்டின் மையத்தை அளப்பவருக்கும் சிறகை அளப்பவருக்கும் வெவ்வேறு வேகம் கிடைப்பது இதனால்தான். கோட்டின் எந்த ஆழத்தில் அளந்தோம் என்று சொல்லாத எவர்ஷெட் வேகத்துக்கு மதிப்பில்லை.

வாயுவைத் தள்ளுவது எது? ஒரு விடை, 1968இல் மெயரும் ஷ்மிட்டும் சொன்ன சைஃபன் ஓட்டம். வளைந்த புலக் குழாயின் இரு முனைகளிலும் புலவலிமை வேறுபட்டால் வாயு அழுத்தமும் வேறுபடும். அழுத்தம் கூடிய முனையிலிருந்து குறைந்த முனைக்கு வாயு ஓடும். இயக்கவியல் அளவில் கச்சிதமான விளக்கம். ஆனால் வெப்பக் கணக்கில் இடிக்கிறது. புறநிழல் சுற்றியுள்ள ஒளிமண்டலத்தின் பிரகாசத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கு ஒளிர்கிறது. அவ்வளவு ஆற்றலை நீளவாக்கில் ஓடும் மெல்லிய ஓட்டம் கொண்டுவந்து சேர்க்க முடியாது. நெடுகிலும் வெப்பச்சலனம் வேண்டும்.

2008இல் ஷார்மர், நோர்ட்லுண்ட், ஹைன்மன் ஆகியோரும், 2009இல் ரெம்பெல் குழுவினரும் கணினிப் பாவனைகளில் காட்டியது இதைத்தான். சாய்ந்த வலுவான புலத்துக்குள் சூடான வாயு மேலெழுகிறது. புலம் அதைப் பக்கவாட்டில் பரவவிடாமல் வெளிநோக்கித் திருப்பிவிடுகிறது. குளிர்ந்த வாயு இழையின் ஓரங்களில் இறங்குகிறது. எவர்ஷெட் ஓட்டம் என்பது காந்தப்புலத்தில் மாட்டிக்கொண்ட வெப்பச்சலனத்தின் கிடைமட்டக் கை. இந்தப் படம் சரியென்றால் இழைகளின் ஓரங்களில் கீழிறக்கம் தென்பட வேண்டும். அது ஒரு விநாடிப் பாகையைவிட (பாகையில் 3,600இல் ஒரு பங்கைவிட) மிக நுண்ணியது. 2011இல் லா பால்மாவிலுள்ள ஸ்வீடிஷ் 1 மீட்டர் தொலைநோக்கியில், ஆழத்தில் உருவாகும் கார்பன் கோட்டில் ஷார்மர் குழு அதைக் கண்டது. வெளிவிளிம்பில் எதிர்த் துருவத்தோடு வாயு இறங்கும் திட்டுகளை ஜப்பானின் ஹினோடே விண்கலம் காட்டியது. முழுவதும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். பாவனைகளில் புறநிழல் அகலமாக விரிய, மேல் எல்லையில் புலத்தைச் செயற்கையாகச் சாய்க்க வேண்டியிருக்கிறது. இயற்கையில் அந்த வேலையைச் செய்வது எது என்பது தனி ஆய்வு.

இன்று இதைத் திரும்பச் செய்ய

சூரியனை ஆராயும் நாசாவின் எஸ்.டி.ஓ. விண்கலத்தின் எச்.எம்.ஐ. கருவி 2010 முதல் 6,173.3 ஆங்ஸ்ட்ராம் கோட்டில் 45 நொடிக்கு ஒரு வேகப்படம் தருகிறது; தரவு இலவசம். நடுவிலிருந்து 35 முதல் 50 பாகைக்குள், தனியாக நிற்கும் வட்டமான கரும்புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். நடுவுக்கு அருகே கிடைமட்ட ஓட்டம் பார்வைக்கோட்டில் விழுவது குறைவு; விளிம்பை ஒட்டினால் புள்ளி நசுங்கி நடுப்பக்கப் புறநிழல் காணாமல் போகும். எச்.எம்.ஐ. படங்களில் நேர்க்குறி விலகிச் செல்வதைக் குறிக்கும்.

ஒரே படத்தை வைத்து அளக்காதீர்கள். சூரிய மேற்பரப்பு மேலும் கீழும் ஆடும் ஐந்து நிமிட அலைவு நொடிக்கு அரை கி.மீ. அளவுக்கு ஆட்டும். 80 படங்களை, அதாவது ஒரு மணி நேரத்தை, சராசரி எடுத்தால் அது அடங்கும். சராசரிக்கு முன் ஒவ்வொரு படத்திலும் புள்ளியைப் பின்தொடர்ந்து ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு மணி நேரத்தில் சூரியச் சுழற்சி அதை 40 பாகையில் 7 விநாடிப் பாகை அளவுக்கு நகர்த்திவிடும். புறநிழலின் அகலமே 10, 15 விநாடிப் பாகைதான். பின்தொடராத சராசரியில் பெயர்ச்சி கரைந்து போகும். விண்கலத்தின் சுற்றுப்பாதை வேகம் நொடிக்கு 3 கி.மீ.வரை கூடிக் குறைவதையும் கோப்பின் தலைப்பிலுள்ள மதிப்பைக் கொண்டு கழியுங்கள். பிறகு புள்ளியைச் சுற்றியுள்ள அமைதியான பரப்பின் சராசரியைச் சுழியாக வையுங்கள்.

விளிம்புப் பக்க, நடுப்பக்க வேகங்களின் வித்தியாசத்தைப் பாதியாக்கி, நடுவிலிருந்து புள்ளி தள்ளியுள்ள கோணத்தின் சைனால் வகுத்தால் கிடைமட்ட வேகம் கிடைக்கும். இரண்டின் கூட்டலைப் பாதியாக்கி, கொசைனால் வகுத்தால் செங்குத்து வேகம். நேர்க்குறி வந்தால் வாயு இறங்குகிறது. கூட்டல் பாதி 0.2, 0.3 கி.மீ. என வந்தால் உடனே கீழிறக்கம் என்று எழுதிவிடாதீர்கள். ஒளிமண்டலத்தைச் சுழியாக வைத்ததால் அதன் வெப்பச்சலன நீலப்பெயர்ச்சி உங்கள் கணக்கில் ஏறியிருக்கும். கருநிழலைச் சுழியாக்கி மறுபடி பாருங்கள். கருநிழலுக்குள் எச்.எம்.ஐ.யின் வேக மதிப்புகளையும் முழுக்க நம்ப முடியாது. பிளவு அகன்று கோடு கருவியின் அளவீட்டு வரம்பை நெருங்கும்போது மதிப்பு தடுமாறும்.

கடைசியாக, அதே புள்ளியை ஆறு நாள் கழித்து அளந்து பாருங்கள். கிழக்கே 40 பாகையில் இருந்தது மேற்கே 40 பாகைக்கு வந்திருக்கும். முன்பு கிழக்குப் புறநிழல் சிவப்பு, மேற்கு நீலம். இப்போது மேற்கு சிவப்பாகவும் கிழக்கு நீலமாகவும் இருக்க வேண்டும். நடுவழியில் மூன்றாம் நாள் இரண்டும் சுழியை ஒட்டி வந்திருக்க வேண்டும். பக்கம் மாறாவிட்டால் அளந்தது சூரியனை அல்ல. பின்தொடரும் கணக்கிலோ அடிக்கோட்டிலோ பிழை இருக்கிறது.